கிளெப் கிரெடிட் காலேஜ் மாறினா கூடவே வருமா?

மதுரையில பி.காம் பாதியில விட்டுட்டு கிரீன் கார்டுல குடும்பத்தோட டெக்சஸ்ல அர்விங் வந்திருக்கேன், கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்து கிளாஸ்ல உட்காராமலே பாடத்தை முடிக்கிற கிளெப் பரீட்சை எழுதி, டிகிரிக்குச் சேர்ற கிரெடிட் வாங்கிட்டு அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறினா அதெல்லாம் அப்படியே வந்துடுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. கூடவே அபார்ட்மென்ட் வாடகை, கார் இன்சூரன்ஸ்னு ஒரு பட்டியல். அதுக்கெல்லாம் பதில் சொல்ல இங்க ஆளுக்குப் பஞ்சமே இல்ல, கிரெடிட் விஷயத்தை மட்டும் நான் சொல்றேன்.

அப்படியே வராது. காலேஜ் போர்ட்ங்கிற அமைப்பு 1967லேருந்து நடத்துற பரீட்சைதான், பெரும்பாலும் 90 நிமிஷம், ஸ்கோர் 20லேருந்து 80 வரைக்கும், 50 வாங்கினா கிரெடிட் குடுக்கலாம்னு அமெரிக்கக் காலேஜ்களோட கூட்டமைப்பான ஏசிஇ சொல்றாங்க. சொல்றாங்க, அவ்வளவுதான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. முதல் காலேஜ் உங்க ட்ரான்ஸ்க்ரிப்ட்ல கிரேடு இல்லாம வெறும் கிரெடிட்னு ஏத்திடும், ரெண்டாவது இடத்துல நிறைய பேர் அந்த வரியைப் பார்க்கவே மாட்டாங்க, காலேஜ் போர்ட்லேருந்து ஸ்கோர் நேரா எங்களுக்கு வரணும், எங்க கட்-ஆஃப்தான் செல்லும்பாங்க.

நான் வந்தப்போ எச்4, எச்1பில வேலை பார்க்கிறவங்க குடும்பத்துக்குத் தர்ற விசா. 2015க்கு முன்னாடி எச்4க்கு ஈஏடிங்கிற வேலை அனுமதியே கிடையாது, வேலைக்குப் போக முடியாது, படிக்கலாம். சரின்னு படிச்சேன். டெஸ்ட் சென்டர்ல பையை லாக்கர்ல வச்சுட்டு, கிறுக்கிப் பார்க்க ஒரு பேப்பர் குடுப்பாங்க, முடிச்சு கிளிக் பண்ணின உடனே ஸ்கோர் ஸ்கிரீன்ல வந்துடும். சோஷியாலஜி, மேக்ரோ எகனாமிக்ஸ், அமெரிக்கன் கவர்ன்மென்ட் எல்லாம் அப்படித்தான் முடிச்சேன், திருநெல்வேலியில தமிழ் மீடியத்துல படிச்சவ. அப்புறம் வீட்டுக்குப் பக்கத்துல ஈவினிங் கிளாஸ் இருக்குன்னு ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டிக்கு மாறினா, சோஷியாலஜிக்கு அவங்க கட்-ஆஃப் 50க்கு மேல, அது போச்சு. எகனாமிக்ஸை எடுத்துக்கிட்டாங்க, ஆனா எலெக்டிவ்வா, அதாவது விருப்பப் பாடக் கணக்குல! மேஜருக்கு, அதான் முக்கியப் பாடத்துக்கு, மறுபடியும் காசு கட்டி அதே மேக்ரோவை உட்கார்ந்து படிச்சேன், டிமாண்ட் கர்வை கண்ணை மூடிட்டு வரைவேன் இப்போ. அட்வைசர் அம்மா சிரிச்சுக்கிட்டே "பாலிசி"ன்னு சொன்னது இன்னும் எரியுது.

இந்த வாட்சப் குரூப் அண்ணன்கள் "எல்லாம் ட்ரான்ஸ்ஃபர் ஆகும் கவலைப்படாதீங்க, என் பையனுக்கு ஆச்சே"ம்பாங்க. அவங்க பையன் ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடத்துக்கு வைக்கிற ஏபி பரீட்சை எழுதி நேரா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குப் போனவன், டெக்சஸ் பப்ளிக் யூனிவர்சிட்டில ஏபி ஸ்கோர் 3 இருந்தா பொதுவா கிரெடிட்னு சட்டமே இருக்கு. அவன் காலேஜ் மாறவே இல்லையே! இவங்களுக்கு பிள்ளை பெருமை பேசணும், கேள்வி என்னன்னு யாரு பார்க்கிறா.

உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. டெக்சஸ் பப்ளிக் காலேஜ்ல 42 கிரெடிட் ஹவர் கோர், அதாவது எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்கள், முழுசையும் முடிச்சு ட்ரான்ஸ்க்ரிப்ட்ல கோர் கம்ப்ளீட்னு வந்துட்டா இன்னொரு டெக்சஸ் பப்ளிக் யூனிவர்சிட்டி அதை மொத்தமா எடுத்துக்கணும். பாதி கோரோட கிளம்பினா ஒவ்வொண்ணா பிரிச்சு மேய்வாங்க. பிரைவேட்டுக்கும் வெளி ஸ்டேட்டுக்கும் இது பொருந்தாது. அதுலயும் கவர்ன்மென்ட்டுக்கு இங்க 6 ஹவர், கிளெப்ல ஃபெடரல் பாதிதான் முடியும், டெக்சஸ் கவர்ன்மென்ட்டை பெரும்பாலும் கிளாஸ்ல உட்கார்ந்துதான் படிக்கணும். படிங்க, நல்லாத்தான் இருக்கும், எனக்கு அதுக்கப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர் எலெக்ஷன் பத்தி பேசினா பதிலுக்குப் பேச வந்துச்சு.

காலேஜே சொந்தமா வைக்கிற சேலஞ்ச் எக்ஸாம் இருக்கே, அதை மாறப்போறவங்க தொடவே தொடாதீங்க, வெளிய காட்ட ஸ்கோர் ரிப்போர்ட்டே இருக்காது. அப்புறம் பரீட்சை கிரெடிட்டையே அடுக்கிட்டு டிகிரி வாங்கிடலாம்னும் நினைக்காதீங்க, இந்தப் பக்கத்து யூனிவர்சிட்டிகள்ல டிகிரில கால் பங்காவது, அதாவது 120 ஹவர்ல 30, அவங்ககிட்டயே படிச்சதா இருக்கணும். எஃப்-1 ஸ்டூடன்ட் விசால வந்த பசங்களும் இதைப் படிப்பீங்க, கிளெப் கிரெடிட் செமஸ்டருக்கு நீங்க கட்டாயம் எடுக்க வேண்டிய 12 ஹவர்ல சேராது, அதை நம்பி கிளாஸைக் குறைச்சா விசா ஸ்டேட்டஸ் போயிடும், ஜாக்கிரதை.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி மாறப்போற யூனிவர்சிட்டியோட சைட்ல கிளெப் பட்டியல் இருக்கும், எந்தப் பரீட்சை, எவ்வளவு ஸ்கோர், அவங்க எந்த கோர்ஸ் நம்பருக்கு சமம்னு, அதைப் பார்த்துட்டு மேஜர் டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. ஃபெயில் ஆனா அதே பரீட்சைக்கு 3 மாசம் காத்திருக்கணும். ஃபீஸ் கஷ்டமா இருந்தா மாடர்ன் ஸ்டேட்ஸ்னு இருக்கு, இலவசமா கோர்ஸ் முடிச்சா பரீட்சைக் கட்டணத்துக்கு வவுச்சர் தருவாங்க, எங்க காலத்துல அதெல்லாம் ஏது.

ஆங், பேரு! நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ல அப்பா பேரு ஒரு இடத்துல, இனிஷியல் ஒரு இடத்துல, சிலருக்கு விசால எஃப்என்யூ, அதாவது முதல் பேரு தெரியலைன்னே அடிச்சு வந்திருக்கும். காலேஜ்ல ஒரு பேரு, டெஸ்ட் சென்டர்ல காட்டுற ஐடில ஒரு பேருன்னா ஸ்கோர் வந்து யாருக்கும் சேராம அங்கேயே கிடக்கும், போன் மேல போன் போடணும். ரிஜிஸ்டர் பண்றப்பவே ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க.