ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சு விளையாடுற ஒன்லைன் கேம் ரோல்பிளே சேர்வரில பாத்திரத்தை விட்டுக் கதைக்கிறவரை நாங்களே கண்டிக்கலாமா?

கண்டிக்கலாம், ஆனால் மைக்கில வேண்டாம். காட்சி நடக்கேக்க ஒருத்தர் "இஞ்ச கரண்ட் போகப்போகுது" எண்டு சொல்ல, நாலு பேர் விதி சொல்லிக் கத்தினால், காட்சியைக் கூடுதலாக் குழப்பினது அந்த நாலு பேரும்தான். உங்கட பாத்திரம் கேட்காத மாதிரியே தொடரட்டும். திரும்பவும் செய்தால் ஓஓசி சாட்டில (பாத்திரத்துக்கு வெளிய எழுதிக் கதைக்கிற இடம்) ஒருத்தர் மட்டும், ஒரு வரி: "அண்ணை, காட்சி முடியக் கதைப்பம்."

மெட்டாகேமிங், அதாவது பாத்திரத்துக்குத் தெரியாத வெளித் தகவலை ஆட்டத்துக்குள்ள பாவிக்கிறது, அப்படியில்லை. டிஸ்கோர்டில கேட்ட ஒளிப்பிடத்துக்குப் பாத்திரம் நேரே போனால் மற்றவரின் ஆட்டமே வீண். அப்பவும் வாதாடாமல் காட்சியை முடியுங்கோ. விண்டோஸில பின்னணிப் பதிவை முன்னமே போட்டிருந்தால், விண்டோஸ் விசையோட ஆல்ட், ஜி அமத்த வழமையா கடைசி 30 செக்கன் சேமிபடும். அதுக்கு முந்தின பகுதி இல்லாட்டி ஆர் தொடங்கினதெண்டு அட்மினுக்குத் தெரியாது. நேரம், பாத்திரப் பெயரோட அட்மினுக்கு ரிக்கெற் (முறைப்பாடு) போடுங்கோ.

புது ஆளெண்டால் முதல்ல தனிச் செய்தி போதும்.