மீன் முட்டையில் செய்யும் ஹார்மோன் ஆராய்ச்சிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. மீன்களின் சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறவர்கள் மார்பகப் புற்றுச் செல்களிலும் சோதனை செய்வது ஏன் என்பது ஒன்று. உங்கள் சித்திக்கு ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்று அறிக்கை வந்து டாமாக்சிஃபென் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் இந்த மீன் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் உண்டா என்பது மற்றொன்று. நான் மருத்துவன் அல்லன். மீன்களின் இனப்பெருக்க உடலியலில் ஆய்வு செய்து, இப்போது கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆகவே முதல் கேள்விக்கு விரிவாகவும், இரண்டாவதற்கு என் எல்லைக்குள் நின்றும் பதில் சொல்கிறேன்.

மீனின் சூலகம் சுரக்கும் எஸ்ட்ராடயோல் என்னும் ஈஸ்ட்ரோஜன், பெண்களின் சூலகம் சுரக்கும் எஸ்ட்ராடயோலேதான். ஓர் அணுகூட வேறுபாடு கிடையாது. டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே, ஆனால் ஆண் மீன்களில் பெரும்பாலும் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வடிவமே முதன்மையாகச் செயல்படுகிறது. மாறுவது, அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் செய்தி சொல்லும் ஏற்பிகள்தாம். மனிதரிடம் செல்லின் உட்கருவில் வேலை செய்யும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு. எலும்பு மீன்களில் மூன்றாவது ஒன்றும் இருப்பது, அட்லாண்டிக் குரோக்கர் என்ற மீனில் செய்த ஆய்வின் மூலம் 2000-இல் தெரியவந்தது. நம் கடற்கரைச் சந்தைகளில் கத்தாழை, பன்னா என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீன் அது.

இந்த உட்கரு ஏற்பிகளின் கதை புற்றுநோய் மருத்துவத்தோடு பிணைந்தே வளர்ந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே பிரித்தெடுக்கப்படாத காலத்தில், 1896-இல், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் சூலகங்களை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குவதைப் பதிவு செய்தார். 1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய எஸ்ட்ராடயோலை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தியபோது, கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதை எந்த மாற்றமும் செய்யாமல் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். பிடித்து வைத்த புரதமே ஏற்பி. அது ஹார்மோனுடன் சேர்ந்து டிஎன்ஏ-வில் அமர்ந்து குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகிறது. அதிலிருந்து புதிய புரதம் உருவாகிச் செல் மாறுவதற்குப் பல மணி நேரமோ நாட்களோ ஆகும். உங்கள் சித்தியின் அறிக்கையில் ‘ஈஆர்’ என்று இருப்பது இந்த உட்கரு ஏற்பிதான், குறிப்பாக ஆல்ஃபா. அதில் ஈஸ்ட்ரோஜனுக்குரிய இடத்தை டாமாக்சிஃபென் பிடித்துக்கொள்வதால், மார்பகச் செல்லுக்குப் பெருகச் சொல்லும் கட்டளை கிடைப்பதில்லை.

இந்த விளக்கத்துக்குள் அடங்காத ஒன்றைக் காட்டியதுதான் மீன் முட்டை. ஸீப்ரா மீனின் சூலகத்திலிருந்து முழு வளர்ச்சி பெற்ற, ஆனால் இன்னும் முதிராத முட்டைச் செல்களைப் பிரித்து, உப்புக் கரைசல் உள்ள சிறு தட்டில் வைத்தால், அவை பால் நிறத்தில் ஒளி புகாத மணிகளாகக் கிடக்கும். கரைசலில் புரொஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த, மீனின் முதிர்ச்சி ஹார்மோனைச் சிறிதளவு கலந்துவிட்டுக் காத்திருந்தால், சில மணி நேரத்தில் ஒவ்வொரு மணியாக வெளிறித் தெளிந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். உள்ளே பெரிய உட்கருவின் சவ்வு கரைந்து, நடுவில் நின்றுபோயிருந்த செல் பிரிதல் மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இந்தக் காட்சியை மாணவர்களுக்குக் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு முதல்முறை பார்த்த அதே வியப்பு ஏற்படுகிறது. ஒரு ஹார்மோன் வேலை செய்வதை இவ்வளவு வெளிப்படையாகக் கண்ணால் காணும் வாய்ப்பு உடலியலில் அரிது.

இதில் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தவை இரண்டு. டிஎன்ஏ-விலிருந்து செய்தி நகலெடுப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் மருந்தைச் சேர்த்தாலும் முட்டை முதிர்கிறது. அதாவது மரபணுவை இயக்க வேண்டிய தேவையே இல்லை. மேலும், ஹார்மோனை ஊசியால் முட்டைக்குள்ளே செலுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, வெளியே கரைசலில் விட்டால்தான் நடக்கிறது. உட்கரு ஏற்பி மட்டுமே உண்டென்றால் உள்ளே செலுத்திய ஹார்மோன் இன்னும் விரைவாகப் பலன் தர வேண்டுமே! எனவே ஏற்பி செல்லின் மேற்சவ்வில் இருக்க வேண்டும் என்ற கருத்து, தவளையிலும் மீனிலும் செய்த இத்தகைய சோதனைகளால் 1970-களிலிருந்தே வலுப்பெற்று வந்தது. ஆனால் அந்தப் புரதம் எது என்பது பிடிபடவில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிலையத்தில் பீட்டர் தாமஸின் ஆய்வுக்குழு, குரோக்கரின் உறவான புள்ளிக் கடல் டிரவுட் என்ற மீனின் சூலகத்திலிருந்து அதை 2003-இல் பிரித்தெடுத்தது. எம்பிஆர் ஆல்ஃபா எனப்படும் அந்தப் புரதம், உட்கரு ஏற்பிகளோடு எந்தக் குடும்ப உறவும் இல்லாதது. செல் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்பது. ஸீப்ரா மீனின் முட்டைச் செல்லில் அந்தப் புரதம் உருவாகாமல் தடுத்தபோது, ஹார்மோன் கொடுத்தும் முட்டை முதிரவில்லை. இந்த ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவு குறைகிறது. அது குறைந்தால் முட்டையைத் தடுத்து வைத்திருந்த பூட்டு திறக்கிறது. அதே குடும்ப ஏற்பிகள் மனிதரிடமும் உள்ளன. மார்பகப் புற்றுச் செல்களிலும் இருக்கின்றன.

பிற்காலச் சோதனை ஒன்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். உட்கரு புரொஜெஸ்டிரோன் ஏற்பி அறவே இல்லாத ஸீப்ரா மீன்களை உருவாக்கி, அதன் முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். அவற்றின் முட்டைகள் வழக்கம்போல் முதிர்ந்தன, ஆனால் சூலகத்தை விட்டு வெளியேறவில்லை. முதிர்வதற்கு ஒரு வழி, வெளியேறுவதற்கு வேறொரு வழி. ஒரே ஹார்மோன் ஒரே உறுப்பில் இரண்டு ஏற்பிகளின் மூலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இனி புற்றுச் செல்லுக்கு வருகிறேன். ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் எஸ்கே-பிஆர்-3 என்ற மார்பகப் புற்றுச் செல் வரிசையில் உட்கரு ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இல்லை. பாடநூல் கணக்குப்படி அவை ஈஸ்ட்ரோஜனைக் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கொடுத்த சில நிமிடங்களில், வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் அவற்றில் எழுவதை அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிலார்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் காட்டினார்கள். அதற்கு ஜிபிஆர்30 என்ற சவ்வுப் புரதம் தேவை என்றும் கண்டார்கள். அந்தப் புரதத்தோடு ஈஸ்ட்ரோஜன் நேரடியாகப் பிணைகிறதா என்பதை உறுதி செய்ய, மீன் முட்டைச் சவ்வுகளில் இதே வகை அளவீடுகளைச் செய்து தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. தாமஸும் ஃபிலார்டோவும் இணைந்து 2005-இல் எஸ்கே-பிஆர்-3 செல்களின் சவ்வில் அந்தப் பிணைப்பை அளந்து வெளியிட்டனர். நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு நேரடி விடை இதுதான்: சவ்வில் உள்ள ஹார்மோன் ஏற்பியை எப்படித் தேடுவது, எப்படி அளப்பது என்ற நுட்பத்தை அவர்கள் மீனில்தான் பழகியிருந்தார்கள்.

அதே ஏற்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் மீனுக்குத் திரும்பினார்கள். முட்டையைச் சூழ்ந்துள்ள செல்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், முட்டையின் சவ்வில் உள்ள ஜிபிஆர்30-ஐத் தூண்டி, சைக்ளிக் ஏஎம்பி-யை உயர்த்தி, உரிய காலத்துக்கு முன் முட்டை முதிர்ந்துவிடாமல் காக்கிறது. சூழ்ந்த செல்களை உரித்துவிட்டால் ஸீப்ரா மீனின் முட்டை தானாகவே முதிரத் தொடங்குகிறது; ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்தால் அது குறைகிறது. புற்றுச் செல்லில் பெருக்கத்தைத் தூண்டும் அதே ஹார்மோன், அதே ஏற்பியின் வழியாக, முட்டைச் செல்லைப் பொறுத்திருக்க வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு எந்தச் செல்லில், எந்த ஏற்பியில் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது என்று நான் வகுப்பில் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆண் ஹார்மோனிலும் இப்படி ஒன்று உண்டு. புரஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோன் தீனி போடுகிறது என்பது 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியது. அதற்கு 1966-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் குரோக்கரின் சூலகத்தில் 2014-இல் கண்டறியப்பட்ட ஜிப்9 என்ற ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி, துத்தநாகத்தைக் கடத்தும் புரதமாகவும் இருக்கிறது. உட்கரு ஆண்ட்ரோஜன் ஏற்பி இல்லாத பிசி-3 என்ற புரஸ்டேட் புற்றுச் செல்களில் இதைச் சேர்த்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, உள்ளே துத்தநாகம் உயர்ந்து, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் பாதையில் சென்றன. இது ஆய்வகத் தட்டில் கண்டது. சிகிச்சை என்று இதைப் படித்துவிட வேண்டாம்.

சவ்வு ஏற்பிகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. ஜிபிஆர்30-இல் ஈஸ்ட்ரோஜன் பிணைவதைத் தங்களால் காண முடியவில்லை என்று சொன்ன ஆய்வகங்கள் உண்டு. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் குட்டி போடும் திறனை இழக்கவும் இல்லை. மீன் முட்டைச் சான்றையும் புற்றுச் செல் சான்றையும் சேர்த்துப் பார்க்கையில் சவ்வு வழி உண்மை என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒவ்வொரு திசுவிலும் அதன் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி.

கடைசியாக உங்கள் சித்தியின் மாத்திரை. ஜிபிஆர்30-ஐ டாமாக்சிஃபென் தடுப்பதில்லை. தூண்டுகிறது என்றே செல் சோதனைகள் சொல்கின்றன. சிலருக்கு மருந்து நாளடைவில் பலனிழப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கோணத்தில் ஆய்வுகள் நடக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. ஈஆர் பாசிட்டிவ் நோயாளிகளிடம் ஏறக்குறைய ஐந்து ஆண்டு டாமாக்சிஃபென், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது, பல மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. வழக்கமான நோயியல் அறிக்கை, ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பொறுத்தவரை உட்கரு ஏற்பிகளை மட்டுமே அளக்கிறது. இந்த ஹார்மோன்களின் சவ்வு ஏற்பிகளை அளந்து சிகிச்சையை மாற்றும் நடைமுறை இன்னும் வரவில்லை. மாதவிடாய் நின்றவர் என்றால் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் லெட்ரோசோல் போன்ற மருந்துகளும் உள்ளன. எது அவருக்குப் பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கருப்பையிலிருந்து வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு இருந்தால் அதை உடனே அவரிடம் சொல்லவும் சித்தியிடம் கூறுங்கள். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே டாமாக்சிஃபென், கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளக்கூடும்.