பட்டறைக் கேள்வி பதில்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரச் செம்பனை ஆலைகளில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேலை, படிப்பு, கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, மகன் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான். ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா சேர்த்துவிடு, கைவேலைக்குப் போனால் மரியாதை இல்லை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவனோ எந்நேரமும் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். என்ன செய்வது?
— ஒரு தாய், தெலுக் இந்தான்

பதில்: அம்மா, பிரித்ததைத் திரும்பப் பூட்டுகிறானா என்று பாருங்கள். நட்டு மிச்சமில்லாமல் பூட்டி, வண்டியும் ஓடினால் தயங்காமல் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். பிடிக்காத டிப்ளோமாவுக்கு பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்கினால், பாதியில் விட்டு வந்தாலும் கட்டித்தான் ஆகவேண்டும்.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலை. நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. ஆக, டிப்ளோமா வேண்டும் என்கிற சொந்தக்காரர்களுக்கும் இந்த வழியிலேயே பதில் இருக்கிறது. இரண்டாம் நிலையோடு வேலைக்கு ஓடிவிடாமல் மூன்றையாவது முடிக்கச் சொல்லுங்கள். எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டமும் உண்டு. அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும். உட்கார்ந்து படிக்க முடியாத பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பணம் கட்டும் முன் இரண்டு காரியம். அந்த நிலையத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்த நிலைக்கு அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று ஜே.பி.கே.யிடமே கேளுங்கள். பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைப் பாருங்கள். வரவேற்பறை சோபாவைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா? ஒரு வெல்டிங் மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள்? உறை போட்டுத் தூசி படிந்த மெஷின்களைக் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள்.

மரியாதைக்கு வருகிறேன். வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது. 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்கப் பார்ப்போம். தாமதித்தால், அடிபட்ட பழத்தில் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். இரவு ஷிப்டில் எண்ணெய் பிழியும் பிரஸ் நின்றுபோனால் மேனேஜர் யாரைத் தேடுவார் என்று அந்தச் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முதல் சம்பளத்தில் என்ன சாமான் வாங்கலாம்?
— பீடோர்

பதில்: ரிங் ஸ்பேனர் ஒரு செட். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் பிறகு பார்க்கலாம், அவசரத்தில் அது போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். மல்டிமீட்டரில் மட்டும் மலிவு பார்க்காதே தம்பி. 400 வோல்ட் பேனல் பக்கம் போகிறவனுக்கு கேட் 3 (CAT III, பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று அச்சிட்ட நம்பகமான மீட்டர் வேண்டும். கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய, முதலில் கரண்ட் உள்ள இடத்தில் மீட்டரைச் சோதி, பிறகு வேலை செய்யும் இடத்தில் வை, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் சோதி. மீட்டரே செத்துப்போயிருந்தாலும் பூஜ்யம்தானே காட்டும். கிரைண்டர் வட்டின் நடுவளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், படி. வட்டின் மேல் உள்ள பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வெட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் செய்முறை அறிக்கையை சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறோம். தவறா ஐயா?
— ஈப்போ

பதில்: புரியாததை அதனிடம் கேளம்மா, தமிழிலேயே கேள். இராத்திரி பத்து மணிக்குச் சலிக்காமல் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் அளவு எடுத்ததும், அது ஏன் அப்படி வந்தது என்று யோசித்ததும் உன்னுடையதாக இருக்கவேண்டும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரில் ஃபால்ட் கோட், அதாவது கோளாறுக் குறியீடு, வந்தால் சாட்ஜிபிடி பளிச்சென்று ஒரு காரணம் சொல்லும். அதே குறியீட்டுக்கு ஒரு பிராண்டில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு. மெஷினோடு வந்த மேனுவலைத் திறந்து ஒப்பிட்டுப் பார். இரண்டும் முரண்பட்டால் மேனுவல் சொல்வதைச் செய்.

கேள்வி: வயது நாற்பது தாண்டிவிட்டது. இளம் வயதிலிருந்தே ஆலையில் ஃபிட்டர். சான்றிதழ் கிடையாது. நான் பழக்கிவிட்ட பையன் இன்று என்னைவிட அதிகம் வாங்குகிறான். இனிமேல் படிக்க முடியுமா அண்ணே?
— சபாக் பெர்ணம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை எளிதில் கீழே வைக்க முடியவில்லை. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்ன மனிதர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்தை விட்டு வெளியேறியவர்களில் அவர்களும் இருந்தார்கள். புது இடத்தில் போய் வேலை கேட்டால், என்ன தெரியும் என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை. உங்களுக்கு அது நடக்கக்கூடாது.

வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை. பி.பி.டி. என்ற வழியில், அனுபவத்தை மதிப்பிட்டே எஸ்.கே.எம். தருகிறார்கள். செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுக்கவேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, உங்களையும் கேள்வி கேட்பார். உங்கள் தொழிலில் எந்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை ஜே.பி.கே.யிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் சறுக்குவது கோப்பில்தான், வேலையில் அல்ல. இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மெஷின், கண்ட கோளாறு, செய்தது என்று நான்கு கட்டம். 'பம்ப் ரிப்பேர்' என்று எழுதினால் பயன் இல்லை. 'பம்ப் அதிர்ந்தது, கப்ளிங் நேர் விலகல், டயல் கேஜ் வைத்துச் சரிசெய்தேன், 6308 பேரிங் மாற்றினேன்' என்று எழுதுங்கள். 6308 என்றால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் வரும். இது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். எழுதினால்தான் மதிப்பீட்டாளருக்குத் தெரியும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு.

இன்னொன்று: வேலை உறுதிக் கடிதத்தை இப்போதுள்ள மேனேஜர் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சேர்ந்த ஆண்டு, பதவி, பொறுப்பில் இருந்த மெஷின்கள், மூன்றும் அதில் இருக்கவேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் எழுதுங்கள், கோப்பை எப்படி அடுக்குவது என்று அடுத்த இதழ்களில் பார்ப்போம்.