'உச்ச நீதிமன்றம் அதிரடி' என்று வரும் செய்திகளை எவ்வளவு நம்பலாம்?

தலைப்பின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'உத்தரவு', 'தீர்ப்பு' என்று முடிந்தால் உள்ளே போய்ப் படிக்கலாம். 'காட்டம்', 'குட்டு', 'சரமாரிக் கேள்வி' என்று முடிந்தால், விசாரணையில் நீதிபதி வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். 'அதிரடி' இரண்டுக்கும் பொது.

ஒரு செய்தித் தளத்தில் டெல்லி நீதிமன்றச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். ஒரு நாள் காலை அரசு வழக்கறிஞரை நீதிபதி கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தார். "அரசுக்கு உச்ச நீதிமன்றம் குட்டு" என்று தலைப்பு வைத்தேன். நன்றாக ஓடியது. சாயங்காலம் உத்தரவு இணையத்தில் ஏறியது. மூன்றே வரி: நோட்டீஸ் அனுப்புக, நான்கு வாரத்தில் பதில் தருக. குட்டையும் காணோம், திட்டையும் காணோம். தலைப்பை மாற்றலாமா என்று கேட்டேன். "நல்லா போய்க்கிட்டிருக்கு, விடுங்க" என்றார் ஆசிரியர். நானும் விட்டுவிட்டேன்.

இதற்காக வாய்மொழிக் கருத்தை எழுதவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2021 ஏப்ரலில், கொரோனா பரவலுக்குத் தேர்தல் ஆணையமே காரணம், கொலை வழக்கே போடலாம் என்கிற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது நினைவிருக்கும். எழுத்துப்பூர்வ உத்தரவில் அது இல்லை. ஊடகங்கள் அப்படிப்பட்ட பேச்சைப் போடாமல் தடுக்க வேண்டும் என்று ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வார்த்தை கடுமைதான், ஆனால் அது உத்தரவின் பகுதி அல்ல, நீக்குவதற்கு ஒன்றும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நீதிமன்றத்தில் நடப்பதை எழுத ஊடகத்துக்கு உரிமை உண்டு என்றும் மே மாதம் வந்த அதே தீர்ப்பு சொன்னது. ஆக, எழுதலாம். பேச்சைத் தீர்ப்பு மாதிரி விற்கக் கூடாது.

அடுத்த குழப்பம் 'தள்ளுபடி'. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அரசமைப்புச் சட்டத்தின் 136-வது பிரிவின் கீழ், மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டுச் சிறப்பு அனுமதி மனு போடுவார்கள். அது காரணம் எதுவும் சொல்லாமல் தள்ளுபடி ஆனால், மறுநாள் "உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது" என்று வரும். உண்மையில் 'இதில் நாங்கள் தலையிடவில்லை' என்பது மட்டுமே அதன் பொருள். உயர் நீதிமன்றம் சொன்ன சட்ட விளக்கத்துக்கு முத்திரை குத்தியதாக ஆகாது. குஞ்ஞம்மது வழக்கில் 2000-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். (தோற்றவருக்கு என்னவோ இரண்டும் ஒன்றுதான்.)

இந்த அவசரம் நம்மூர் வியாதி மட்டும் இல்லை. 2012 ஜூன் 28 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற அதன் கட்டாயம் நிற்காது என்ற பகுதி முதலில் வந்தது. சிஎன்என்னும் ஃபாக்ஸ் நியூஸும் உடனே 'செல்லாது' என்று அறிவித்துவிட்டன. வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்று கொஞ்சம் தள்ளி இருந்தது. 5-4 என்ற கணக்கில் தப்பியது.

அதனால் நான் இப்போது உச்ச நீதிமன்றத் தளத்தில் உத்தரவைத் திறந்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறேன். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. நேற்றைய தீர்ப்பு இன்றே தமிழில் இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.