பாலைவன ஜின்செங்: சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதும் 61 வயது வாசகர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர். ஓமானில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வந்த 'பாலைவன ஜின்செங்' மாத்திரையை மலச்சிக்கலுக்கும் அசதிக்கும் சாப்பிடலாமா என்றும், அங்கே மணலில் மகன் பார்த்த மஞ்சள் பூச்செடியைக் காயவைத்து எடுத்துவரச் சொல்லலாமா என்றும் கேட்கிறார்.

'பாலைவன ஜின்செங்' என்று விற்கப்படும் சிஸ்டாங்கே செடிக்கும், ஜின்செங் என்னும் புகழ்பெற்ற மூலிகை வேருக்கும் தாவரவியல் உறவு எதுவும் இல்லை. அந்தப் பெயர் வியாபாரத்துக்கு உதவுகிறது, அவ்வளவே. நம் கடற்கரைப் புதர்களின் மேல் படரும் கொத்தானைப் போல இதுவும் ஒட்டுண்ணிதான் என்றாலும், பச்சையமே இல்லாத இது மண்ணுக்கடியில் சாக்சால், டாமரிக்ஸ் போன்ற பாலைவனச் செடிகளின் வேரைப் பற்றிக்கொண்டு உணவையும் நீரையும் உறிஞ்சி வளர்கிறது. மருந்துக்குரியது செதில் மூடிய சதைப்பற்றான தண்டு. சீன மருத்துவர்கள் அதைப் பூக்கும் முன்பே தோண்டியெடுத்து, வில்லைகளாக நறுக்கி உலர்த்தி, சில வேளைகளில் அரிசி மதுவில் வேகவைத்தும் பயன்படுத்துகிறார்கள். பூத்தபின் தண்டு உள்ளீடற்றுப் போய்விடும் என்பதால், உங்கள் மகன் பார்த்தது இந்த இனமாகவே இருந்தாலும் அதைக் கொண்டுவருவதில் பயனில்லை.

முதியோரின் மலச்சிக்கல், ஆண்மைக் குறைவு ஆகியவற்றுக்குச் சீன மருத்துவம் இதை நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறது. எக்கினகோசைடு, ஆக்டியோசைடு என்னும் சேர்மங்களே ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தவை; ஆயினும் ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளில் நடந்தவை. எலிகளில் ரத்தச் சர்க்கரையும் குறைந்திருப்பதால், சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது தாழ்சர்க்கரை ஏற்படும் வாய்ப்பை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு. ஆண்மைக்கென்று விற்கப்படும் மூலிகை மாத்திரைகள் பலவற்றில், ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டறிந்துள்ளன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். ஆகவே அந்த டப்பாவைத் திறக்காமல் வையுங்கள்; திறந்து சாப்பிட்டிருந்தால் சர்க்கரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலச்சிக்கலுக்கு, பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்கள் உடல்நிலை பார்த்துக் கடுக்காயோ திரிபலா சூரணமோ அளவு சொல்லித் தருவார். நாள்பட்ட சர்க்கரை நோயும், வெராபமில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை என்பதால், மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இந்த வயதில் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறியிருந்தாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ, உடல் எடை குறைந்தாலோ, எந்தச் சூரணத்துக்கும் முன்பாக மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.