ஏற்காட்டில் காபித் தோட்ட ஓரம் வளரும் 'காட்டுப் புகையிலை' உண்மையில் புகையிலைதானா? பழத்தைத் தின்னலாமா?

புகையிலை இல்லை. கத்தரி, தக்காளி, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் புதர் கத்தரியும் சுண்டையும் சேர்ந்த சொலானம் பேரினம். இலை பெரிதாக, வெல்வெட் போல இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பூவைப் பாருங்கள். வெள்ளை என்றால் அது ஆனைச்சுண்டை. ஊதா என்றால், இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே காது மடல் மாதிரி இரண்டு குட்டி இலைகள் இருந்தால் சொலானம் மொரிசியானம். பெயரில் மொரிசியஸ் இருந்தாலும் தாயகம் தென் அமெரிக்கா. தென்னாப்பிரிக்காவில் இது களையாகப் பரவிப் படுத்திய பாட்டில், இதைக் கட்டுப்படுத்த 1999-இல் இதன் இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சியையே கொண்டுவந்து விட்டார்கள்.

பழம் கொத்துக் கொத்தாக, பச்சையிலிருந்து மங்கிய மஞ்சளாகும். சுண்டைக்காய் என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். சொலசோடின் என்ற நச்சு இருக்கிறது, காயில்தான் அதிகம். பறவைகள் தின்று விதையைப் பரப்பும்; அதனால்தான் நிழல் மரங்களின் அடியில் திடீரென்று கன்று முளைக்கும்.

எடுப்பதென்றால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கன்றாகவே வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். அப்புறம், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இலையிலிருந்து உதிரும் மயிர்த்தூள் தொண்டையில் பட்டால் இருமல் லேசில் விடாது.