விட்டதைப் பிடிக்கப் போனவர்கள் – வாசகர் கேள்வி பதில்

சூதாட்டப் படங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கேசினோ உள்ளே எப்படி இயங்குகிறது என்று உருப்படியாகக் காட்டும் படம் ஏதாவது இருக்கிறதா? வெறும் விளக்கும் பளபளப்பும் வேண்டாம்.

இருக்கிறது, அதன் பெயரே 'கேசினோ'தான். மார்ட்டின் ஸ்கார்செஸி 1995இல் எடுத்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். முதல் பகுதியில் கதை என்று பெரிதாக ஒன்றும் நகராது. பணம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த அறையில் எண்ணுகிறார்கள், எண்ணும்போதே கணக்கில் ஏறாமல் எவ்வளவு பெட்டிக்குள் போகிறது, அந்தப் பெட்டி யாரிடம் போய்ச் சேருகிறது என்று ஒரு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவது போலக் காட்டுவார். எனக்கு அந்தப் பகுதிதான் படத்திலேயே பிடித்தது. ராபர்ட் டி நீரோவின் பாத்திரம், லாஸ் வேகஸில் ஸ்டார்டஸ்ட் கேசினோவை நடத்திய ஃபிராங்க் ரோஸந்தாலை வைத்து உருவானது. நிஜமான ரிவியரா கேசினோவுக்குள்ளேயே இரவு நேரங்களில் படம்பிடித்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கூடத்தின் இரைச்சல் கூட செட் போட்ட மாதிரி இருக்காது.

அதில் ஜப்பானிலிருந்து வரும் ஒரு பெரும் பணக்கார ஆட்டக்காரர் காட்சி வரும். மனிதர் 20 லட்சம் டாலர் ஜெயித்துவிட்டுக் கிளம்புகிறார். அவரை அனுப்பிய கேசினோவே விமானம் பழுது என்று சொல்ல வைத்து, நாசூக்காகத் திரும்ப அழைத்து வருகிறது. மாடி முழுவதும் உங்களுக்கே, இருந்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். திரும்பி வந்தவர் ஜாக்கிரதையாகத்தான் ஆரம்பிக்கிறார், வழக்கமாக ஒரு ஆட்டத்துக்கு 30,000 வைக்கிறவர் 1,000 மட்டும் வைக்கிறார். ஜெயிக்கவும் செய்கிறார். ஆனால் அவர் மனது வேறு கணக்குப் போடுகிறது: ஜெயித்தேன் என்று நினைக்காமல், பெரிதாக வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும், அவ்வளவும் போச்சே என்று நினைக்கிறது. அவ்வளவுதான், பெரிய பணயத்துக்குத் திரும்புகிறார், ஜெயித்ததும் போய்க் கைப்பணத்தில் 10 லட்சமும் போகிறது. யாரும் அவரை ஏமாற்றவில்லை, சீட்டில் தில்லுமுல்லு கிடையாது. உட்கார வைத்தார்கள், அது போதுமாக இருந்தது.

ஏன் போதும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள், 0 முதல் 36 வரை. நீங்கள் ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். நியாயப்படி 36 தர வேண்டும். அந்த ஒன்றுதான் கேசினோவின் வருமானம், நூற்றுக்கு 2.7 என்று வரும். அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் சேர்ந்து 38 குழிகள், அங்கே 5.26. ஒரு சுற்றில் இது கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் நிச்சயம் தெரியும். 'கேசினோ' படத்தில் எல்லோரும் எல்லோரையும் கண்காணிப்பதும் (ஆடுகிறவரைச் சீட்டுப் போடுகிற டீலர், டீலரை மேற்பார்வையாளர், அவரை அவருக்கு மேலே இருப்பவர், எல்லோரையும் கூரையிலிருக்கும் கேமரா) இந்தச் சின்ன விகிதம் எங்கேயும் ஒழுகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். டி நீரோ சமையலறைக்குப் போய், எல்லா மஃபின்களிலும் ஒரே எண்ணிக்கையில் புளூபெர்ரி இருக்க வேண்டும் என்று சொல்லும் காட்சியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன், அந்த ஆளுக்கு எதிலும் தற்செயல் என்று ஒன்று இருக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை: வன்முறை மிகக் கடுமையாக இருக்கும், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.

கேள்வி: நிறைய ஜெயித்த பிறகும் எழுந்து போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? படத்துக்காக அப்படி எழுதுகிறார்களா?

இந்தக் கேள்விதான் வந்த தபாலில் அதிகம். இல்லை, படத்துக்காக எழுதுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள நான் சிபாரிசு செய்வது 2003இல் வந்த 'ஓனிங் மஹோனி'. அதிகம் பேர் பார்க்காத படம், பார்த்தவர்கள் மறக்காத படம். 1980களின் தொடக்கத்தில் டொரண்டோவில் ஒரு வங்கி உதவி மேலாளர் தன் வங்கியிலிருந்தே 1 கோடி டாலருக்கு மேல் கையாடி முழுவதையும் சூதாட்டத்தில் விட்ட உண்மைச் சம்பவம். ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்திருக்கிறார்.

சூதாடி என்றவுடன் நமக்குத் தோன்றும் எதுவும் அவரிடம் இருக்காது. மலிவான சூட்டு, பழைய கார். கேசினோ அவருக்குப் பிரமாதமான விருந்தையும் மற்ற எல்லாவற்றையும் நீட்டுகிறது, அவர் சாஸ் இல்லாத ரிப்ஸும் ஒரு கோக்கும் போதும் என்கிறார். பணம் அவருக்கு வாங்கிச் சாப்பிடுகிற, உடுத்துகிற பொருளே இல்லை, ஆட்டத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதற்கான அனுமதிச் சீட்டு மட்டும்தான். முகத்தைப் பாருங்கள், ஜெயிக்கும்போதும் தோற்கும்போதும் ஒரே முகம். ஒரு கட்டத்தில் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) மலை போலக் குவிகிறது, பார்க்கிற நமக்குத்தான் எழுந்திரு, எழுந்திரு என்று கத்தத் தோன்றும்.

கடைசிப் பகுதியில் ஒரு மருத்துவர் கேட்கிறார், சூதாட்டத்தில் கிடைத்த அந்தக் கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவீர்கள் என்று. நூறு என்கிறார். வாழ்க்கையில் வேறு எதிலாவது கிடைத்த அதிகபட்சம்? இருபது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருபதில் வாழப் பழக வேண்டிய மனிதரை ஹாஃப்மன் குரலை உயர்த்தாமலே காட்டிவிடுகிறார்.

இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்வது ராபர்ட் ஆல்ட்மனின் 'கலிஃபோர்னியா ஸ்ப்ளிட்' (1974). இரண்டு நண்பர்கள், படம் முழுக்கச் சிரிப்பும் பேச்சும், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறி விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் சூதாட்ட நகரமான ரீனோவுக்குப் போய் 82,000 டாலர் ஜெயித்துவிடுகிறார்கள். வேறு படமாக இருந்தால் அங்கே கொண்டாட்டம் தொடங்கும். இங்கே ஜெயித்தவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அப்படி விசேஷமான உணர்வு எதுவுமே வரவில்லை, வந்ததாகச் சொன்னேன் என்று நண்பனிடம் ஒத்துக்கொள்கிறான், வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். இதை எழுதிய ஜோசப் வால்ஷ் தானே சூதாட்டத்தில் சிக்கி இருந்தவர். அதனால்தான் அந்த வெறுமை அவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே 1974இல் ஜேம்ஸ் கான் நடித்து 'தி கேம்ப்ளர்' வந்தது. இலக்கியப் பேராசிரியர், 44,000 டாலர் கடன். அம்மா எங்கெங்கோ புரட்டி அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். மகன் அதைக் கொண்டுபோய்க் கடனை அடைப்பதற்குப் பதிலாக மறுபடி ஆடுகிறான். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று நம் ஆட்கள் சொல்வார்களே, ஆனால் இவனுக்கு அது கூட நோக்கமில்லை, விடுவதற்காகவே போகிறான் என்று படம் மெல்ல மெல்லக் காட்டும். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: '21' பார்த்தேன். சீட்டு எண்ணி ஜெயிக்க முடியுமா? அது குற்றமா?

முடியும், பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் அந்தக் கணக்கு உண்மையானது. எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962லேயே அதைப் புத்தகமாக எழுதிவிட்டார். படத்தில் வருகிற முறையில் 2 முதல் 6 வரை சீட்டு வந்தால் ஒன்று கூட்ட வேண்டும், 7, 8, 9க்கு ஒன்றும் இல்லை, 10, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். கூட்டுத்தொகை ஏறினால் மிச்சமிருக்கும் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம் என்று அர்த்தம், அது ஆடுகிறவருக்குச் சாதகம், அப்போது பணயத்தை உயர்த்துவார்கள். மூளையால் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமில்லை. கருவி வைத்து எண்ணினால்தான் நெவாடாவில் குற்றம். ஆனால் குற்றமில்லை என்பதற்காகக் கேசினோ சும்மா இருக்காது, வெளியே போகச் சொல்லிவிடும். நியூ ஜெர்சியில் மட்டும் 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் திறமையாக ஆடுகிறார் என்பதற்காக ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அங்கே அதற்குப் பதிலாக அதிகக் கட்டுகளைச் சேர்ப்பது, சீக்கிரம் கலைத்துவிடுவது என்று வேறு வழிகள்.

படம் பார்க்க நன்றாக ஓடும், ஆனால் 2008இல் வந்தபோதே ஒரு நியாயமான புகார் எழுந்தது: படத்துக்கு அடிப்படையான நிஜ எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குழுவில் பெரும்பாலானோர் ஆசிய அமெரிக்கர்கள், படத்தில் நாயகர்கள் வெள்ளையர்கள். எனக்கும் அது உறுத்தியது. சீட்டு எண்ணுவதன் தனிமையையும் அலுப்பையும் பார்க்க வேண்டுமென்றால் பால் ஷ்ரேடரின் 'தி கார்ட் கவுன்டர்' (2021) பாருங்கள். ஆஸ்கர் ஐசக், கொஞ்சமாக வைத்துக் கொஞ்சமாக ஜெயித்து யார் கண்ணிலும் படாமல் ஊர் ஊராகப் போகிறவர். தங்கும் அறையிலுள்ள நாற்காலி, மேஜை, விளக்கு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் உட்காருவார். ஏன் என்று படம் போகப் போகத் தெரியும்.

கேள்வி: போக்கர் படங்களில் கடைசி ஆட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் பிரமாதமான சீட்டு வருகிறதே, அப்படி நடக்குமா?

நடக்கும், ஆனால் நீங்கள் பார்க்கும் வேகத்தில் நடக்காது. ஐந்து சீட்டில் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, வேறொரு எண்ணில் இரண்டு) சுமார் 700 கைக்கு ஒன்று. ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து) சுமார் 65,000 கைக்கு ஒன்று. 'தி சின்சினாட்டி கிட்' (1965) படத்தில் இவை இரண்டும் ஒரே ஆட்டத்தில் மோதுகின்றன, இரண்டே பேர் மிச்சமிருக்கும் நேரத்தில். 'கேசினோ ராயல்' (2006) இன்னும் ஒரு படி மேல்: நான்கு பேர், ஒரு ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து), இரண்டு ஃபுல் ஹவுஸ், ஜேம்ஸ் பாண்டிடம் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ். மூலக் கதையில் ஆட்டம் பக்கரா என்ற வேறொரு சீட்டாட்டம், போக்கர் அலை அடித்த நேரம் என்பதால் படத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்களே மதிக்கும் படம் 'ரவுண்டர்ஸ்' (1998). மேட் டேமன் எதிராளியின் சீட்டை ஊகிப்பதில்லை, எதிராளியைப் படிக்கிறார். ஜான் மால்கோவிச் ஓரியோ பிஸ்கட்டைக் காதருகே வைத்துப் பிரிப்பார், நல்ல சீட்டு இருந்தால் அதைத் தின்பார். அதைக் கண்டுபிடித்த நொடியில் டேமன் கையிலிருக்கும் அருமையான சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். தோற்காமல் தப்பித்த அந்த ஆட்டம்தான் படத்தின் உண்மையான வெற்றி. இப்படி ஒரு காட்சியை எழுதுவதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: 'ஓஷன்ஸ் லெவன்' பற்றி ஏன் எழுதவே இல்லை?

நல்ல கொள்ளைப் படம், பலமுறை பார்க்கலாம். ஆனால் அது சூதாட்டத்தைப் பற்றிய படம் இல்லை, கேசினோ என்பது பெரிய வங்கி, அவ்வளவே. கொள்ளையும் சூதும் ஒன்றாகப் பின்னிய படம் வேண்டுமென்றால் ழான்-பியேர் மெல்வில்லின் 'பாப் லெ ஃபிளாம்பூர்' (1956). பிரான்ஸின் டோவில் நகரத்துக் கேசினோவைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறவர், கூட்டாளிகள் வருவதற்கு முன் உள்ளே போய்ச் சும்மா ஒரு ஆட்டம் என்று உட்காருகிறார். சீட்டு ஏற ஆரம்பிக்கிறது. விடிகிற நேரத்தில் கொள்ளை என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கேள்வி: பெண் சூதாடியை மையமாக வைத்த படம்?

ழாக் தெமியின் 'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்' (1963). ழான் மொரோ வெளுத்த பொன்னிற முடியும் வெள்ளை உடையுமாக நீஸ் நகரத்து ரூலெட் மேஜையில் உட்கார்ந்திருப்பார். கணவனையும் மகனையும் விட்டுவிட்டு வந்தவள். முதன்முதலில் கேசினோவுக்குள் நுழைந்தபோது தேவாலயத்துக்குள் நுழைந்தது போல இருந்தது என்பாள், அந்த வசனத்தில் துளி நடிப்பு தெரியாது. படம் அவளைத் திட்டுவதும் இல்லை, பரிதாபப்படுவதும் இல்லை. மிஷேல் லெக்ராண்டின் பியானோ சக்கரம் சுற்றும்போதெல்லாம் கூடவே சுற்றும்.

கேள்வி: கேசினோவே வேண்டுமென்று தோற்ற காட்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, 'காஸாபிளாங்கா'வில் (1942). பல்கேரியாவிலிருந்து தப்பி வந்த இளம் தம்பதி. அமெரிக்கா போக விசா வேண்டும், காசில்லை. போலீஸ் அதிகாரி விசாவுக்கு என்ன விலை கேட்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கணவன் ரூலெட்டில் மிச்சமிருப்பதையும் விட்டுக்கொண்டிருக்கிறான். கேசினோ முதலாளியாக நடிக்கும் ஹம்ஃப்ரி போகார்ட் பின்னால் வந்து நின்று, இன்று 22இல் வைத்துப் பார்த்தாயா என்கிறார். சக்கரம் சுற்றுகிறவர் ஒரு நொடி முதலாளியின் முகத்தைப் பார்க்கிறார். 22 விழுகிறது. போகார்ட், அப்படியே விடு என்கிறார். மறுபடியும் 22. எடுத்துக்கொண்டு போ, இந்தப் பக்கம் திரும்பி வராதே.

அப்புறம் அவர் சக்கரக்காரரிடம், இன்றைக்கு எப்படிப் போகிறது என்று கேட்கிறார். நான் எதிர்பார்த்ததை விட ஓரிரண்டாயிரம் குறைவு என்று பதில் வருகிறது. அந்தச் சக்கரக்காரராக நடித்தவர் மார்செல் டாலியோ, பிரான்ஸின் பெரிய நடிகர்களில் ஒருவர், நாஜிகள் வந்தபோது நாட்டை விட்டுத் தப்பி ஓடியவர். இங்கே அவர் பெயர் டைட்டிலில் கூட இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது 22 விழுவதற்கு முன் அவர் கண்ணைப் பாருங்கள்.